ஆறு நாளில் ஐந்து வெற்றி, எட்டு ஆண்டில் 37 தோல்வி

1899, நவம்பர் 9, வியாழக்கிழமை. ஆஸ்டினில் நடந்த அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் டெக்சஸ் பல்கலைக்கழக அணி 12-0 என்று தோற்றது. மறுநாள் ஹியூஸ்டனில் டெக்சஸ் ஏ அண்ட் எம், 10-0. சனிக்கிழமை நியூ ஆர்லியன்ஸில் டுலேன், 23-0. ஞாயிறு ஓய்வு. திங்கட்கிழமை பேட்டன் ரூஜில் எல்.எஸ்.யூ. என்ற லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம், 34-0. செவ்வாய்க்கிழமை மெம்ஃபிஸில் மிசிசிப்பி பல்கலைக்கழகம், 12-0. ஐந்து ஊர், ஐந்து அணி, ஒரு அணிகூட ஒரு புள்ளி எடுக்கவில்லை. ஐந்தையும் தோற்கடித்தது ஒரே அணி. ஊருக்கு ஊர் போன வழியில் அவர்கள் ரயிலில்தான் தூங்கினார்கள்.

டென்னசி மாநிலத்தில் கம்பர்லாண்ட் பீடபூமியின் மேல், சுமார் 2,000 அடி உயரத்தில் சுவானி என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அந்த அணி அங்கிருந்து வந்தது. பல்கலைக்கழகத்தின் முழுப்பெயர் ‘யுனிவர்சிட்டி ஆஃப் த சவுத்’. பேச்சில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, ஊர்ப்பெயரையே சொல்லிவிடுகிறார்கள். இன்றைக்கும் அங்கே படிப்பவர்கள் ஏறக்குறைய 1,700 பேர்தான். 1899இல் சில நூறு பேர்.

நான் நாஷ்வில்லில் பல வருடங்களாகக் குடியிருக்கிறேன். இங்கே செப்டம்பர் பிறந்துவிட்டால் சனிக்கிழமை என்பது கல்லூரிக் கால்பந்துக்கு எழுதிவைத்த நாள். எங்கள் தமிழ்ச் சங்க நிகழ்ச்சிக்குத் தேதி குறிக்கும்போதுகூட அன்று டென்னசி ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் குறிக்கிறோம். இல்லாவிட்டால் எங்கள் பிள்ளைகளே வரமாட்டார்கள். இதற்கெல்லாம் மையம் சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ், சுருக்கமாக எஸ்.இ.சி. என்ற கூட்டமைப்பு. அலபாமா, ஜார்ஜியா, எல்.எஸ்.யூ., டென்னசி, ஆபர்ன் எல்லாம் அதில்தான். ஒரு லட்சம் பேர் உட்காரும் ஸ்டேடியங்கள், தொலைக்காட்சி ஒப்பந்தங்கள், ஆளுநரைவிட அதிகச் சம்பளம் வாங்கும் கோச்சுகள். ஒருநாள் அலுவலகத்தில் சாப்பாட்டு வேளையில், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நண்பர் ஒருவர் கேட்டார்: எஸ்.இ.சி.யில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காத கல்லூரி எது தெரியுமா?

விடை, சுவானி. 1933 முதல் 1940 வரை எட்டு சீசன், 37 ஆட்டம், 37 தோல்வி. அப்புறம் விலகிவிட்டார்கள்.

ஆறு நாளில் ஐந்து பேரை மண்ணைக் கவ்வவைத்ததும் எட்டு வருடம் எஸ்.இ.சி.யில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காததும் ஒரே கல்லூரி என்று தெரிந்ததும் எனக்கு அந்தக் கதையை விட மனம் வரவில்லை. கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். எல்லோரும் 1899ஐத்தான் கொண்டாடுகிறார்கள். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் இந்த வரலாற்றில் பெரிய காரியம் 1940இல் நடந்தது என்பது என் கட்சி.

முதலில் கல்லூரியைப் பற்றி. 1857இல் தென் மாநிலங்களின் எபிஸ்கோபல் திருச்சபைப் பேராயர்கள் சேர்ந்து தொடங்கியது. அவர்களில் முன்னால் நின்ற லியோனிடஸ் போல்க், பெருந்தோட்டமும் அடிமைகளும் வைத்திருந்தவர். பின்னால் உள்நாட்டுப் போரில் தெற்கத்திய படைத் தளபதியாகிப் போர்க்களத்திலேயே செத்தார். 1860இல் நாட்டிய அடிக்கல்லைப் போரின்போது வடக்குப் படை வீரர்கள் உடைத்துச் சிதறடித்தார்கள். போர் முடிந்து, இங்கிலாந்தில் போய்ப் பணம் திரட்டி, 1868இல் ஒன்பது மாணவர்களோடு கதவைத் திறந்தார்கள். மாணவர்கள் வகுப்புக்குக் கறுப்பு அங்கி அணிந்து போகும் ஆக்ஸ்ஃபோர்ட் பழக்கம் அந்த இங்கிலாந்து உறவால் வந்தது. 1960கள் வரை அந்தக் கல்லூரியின் இளநிலைப் படிப்பில் கறுப்பினத்தவர் சேர முடியாது. பெண்கள் 1969இல்தான் வந்தார்கள். 1899 அணியின் பெருமையைப் பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். அந்த அணியும் அது தோற்கடித்த அணிகளும் வெள்ளை இளைஞர்கள் மட்டும் ஆடிய அணிகள்.

1891இல் சுவானியில் கால்பந்து தொடங்கியது. நாம் கால்பந்து என்று சொல்லும் சாக்கர் வேறு. இது பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவது, ஓடுபவனை மடக்கிக் கீழே தள்ளுவது. அப்போதைய விதிகள் இன்றைய ரசிகருக்கே அடையாளம் தெரியாது. பந்தை முன்னோக்கி வீசக் கூடாது, அது 1906இல்தான் வந்தது. மூன்று முயற்சிக்குள் ஐந்து கஜம் நகர்த்த வேண்டும், இல்லாவிட்டால் பந்து எதிரணிக்கு. ஆகையால் ஆட்டம் முழுக்க நடுவில் முட்டி மோதுவதுதான். பந்து வைத்திருப்பவனை அவனுடைய ஆட்களே பின்னாலிருந்து தள்ளலாம், முன்னாலிருந்து இழுக்கலாம். ஹெல்மெட் கட்டாயமில்லை. கல்லூரி ஆட்டத்தில் அது கட்டாயமானது 1939இல். தலைக்குக் காப்பாக முடியை நீளமாக வளர்த்துக்கொண்டார்கள். அடிபட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே வர முடியாது என்பதால், எலும்பு முறியாதவரை யாரும் வெளியே போகமாட்டார்கள். தாக்குதல், தற்காப்பு இரண்டையும் அதே பதினொரு பேர் ஆட வேண்டும். ஒரு ஆட்டம் ஆடினாலே உடம்பு ஒரு வாரம் வலிக்கும். அதை ஆறு நாளில் ஐந்து தடவை.

இவ்வளவு சின்னக் கல்லூரிக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது? வீரம், மலைக்காற்று என்று மேலோட்டமாகச் சொல்லிவிடலாம். எனக்குப் பட்ட காரணங்கள் இரண்டு. அன்றைய சுவானியில் மருத்துவம், சட்டம், இறையியல் மூன்றும் இருந்தன. அதனால் பதினெட்டு வயதுப் பையன்களோடு இருபத்து நாலு, இருபத்தைந்து வயது முழு ஆண்களும் அணியில் ஆடினார்கள். யார் ஆடலாம், யார் ஆடக் கூடாது என்ற கட்டுப்பாடு அப்போது இறுகவில்லை. இன்னொன்று, கல்லூரியின் நாட்காட்டி. மலையில் குளிர் கடுமை என்பதால் நீண்ட விடுமுறையைக் குளிர்காலத்தில் விட்டார்கள். கோடையில் மற்ற கல்லூரிகள் பூட்டிக் கிடக்கும்போது சுவானி திறந்திருக்கும். செப்டம்பரில் மற்றவர்கள் அப்போதுதான் ஒன்றுகூடுவார்கள். சுவானிக்காரர்கள் அதற்குள் பல வாரம் சேர்ந்து பயிற்சி எடுத்திருப்பார்கள். பிரின்ஸ்டனில் ஆடிய பில்லி சூட்டர் என்பவரைக் கோச்சாகக் கொண்டுவந்ததும் நல்ல நேரம்.

சரி, எதற்காக இப்படி ஒரு பயணம்? பணத்துக்காக. இதைச் சொன்னால் பலருக்குப் பிடிப்பதில்லை, ஆனால் உண்மை அதுதான். சுவானிக்குப் பெரிய வரவு நாஷ்வில்லின் வேண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தோடு ஆடும் ஆட்டம். டிக்கெட் வசூலைப் பங்குபோடுவதில் தகராறு வந்து, 1899இல் அந்த ஆட்டம் நின்றுபோனது. அணியின் மேனேஜர் லூக் லீ. அவருக்கு அப்போது இருபது வயது, மாணவர்தான். துண்டு விழுந்த பணத்தை எப்படி ஈடுகட்டுவது என்று உட்கார்ந்து யோசித்தவர், டெக்சஸில் தொடங்கி மெம்ஃபிஸ் வரை வரிசையாக ஆட்டங்களை ஏற்பாடு செய்துவிட்டார். ரயில் செலவு ஒன்றுதான், வசூல் ஐந்து. மொத்தம் சுமார் 2,500 மைல், நம் கணக்கில் 4,000 கிலோமீட்டர்.

கிளம்பும்போதே சோதனை. சுவானியிலிருந்து கீழே இறங்கும் கிளை ரயிலுக்கு ‘மலை ஆடு’ என்று பட்டப்பெயர், அவ்வளவு செங்குத்து. இருபத்தொரு ஆட்டக்காரர்களும் ஏறி, வண்டியும் நகர்ந்தபிறகுதான் லீ பார்க்கிறார், ஆட்டக்காரர்களின் ஆணி வைத்த பூட்ஸ் மொத்தமும் பிளாட்பாரத்திலேயே கிடக்கிறது. தந்தி அடித்து, அடுத்த வண்டியில் பின்னாலேயே வரவழைத்தார். வெளியூர்த் தண்ணீர் குடித்து வயிறு கெட்டுவிடக் கூடாது என்று சுவானி ஊற்றுத் தண்ணீரை இரண்டு பீப்பாயில் ஏற்றிக்கொண்டு போனதாகவும் சொல்வார்கள். இந்தத் தண்ணீர்க் கதை சொல்லச் சொல்ல வளர்ந்திருக்கலாம். பூட்ஸ் கதையை நான் நம்புகிறேன். மேனேஜர் வேலை பார்த்தவர்கள் யாரும் நம்புவார்கள்.

ஆஸ்டின் ஆட்டத்தில் கேப்டன் ஹென்றி சீபெல்ஸுக்கு மண்டை உடைந்தது. ‘டிடி’ என்று கூப்பிடுவார்கள். வெளியே போனால் திரும்ப வர முடியாதே. ரத்தத்தைத் துடைத்து, பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு தொடர்ந்து ஆடினார். அன்று இரவே ஹியூஸ்டனுக்கு ரயில். அடுத்த நாள் ஏ அண்ட் எம் அணியோடு மோதிவிட்டு அன்று இரவே நியூ ஆர்லியன்ஸுக்கு. டெக்சஸ் ஆட்டக்காரர்களுக்கு அடிபட்டால் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பார்கள். சுவானிக்காரர்கள் வீங்கின முழங்காலோடு ரயில் பெர்த்தில் கிடந்து, காலையில் இறங்கி, மத்தியானம் மறுபடி ஆட வேண்டும். எதிரில் வருவது ஒவ்வொரு நாளும் புதிய அணி, களைப்பில்லாத அணி. ஞாயிற்றுக்கிழமை ஆடாததற்குக் காரணம் களைப்பு இல்லை, திருச்சபைக் கல்லூரி என்பது. அந்த ஒரு நாள் ஓய்வுக்குப் பிறகு எல்.எஸ்.யூ.வை 34-0 என்று அடித்ததைப் பார்த்தால், அந்த ஓய்வு எவ்வளவு பெரிய வரம் என்று தெரிகிறது. ஐந்து ஆட்டத்திலும் சேர்ந்து எடுத்தது 91 புள்ளி, கொடுத்தது பூஜ்யம்.

புள்ளிக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுசேர்ப்பதுதான் டச்டவுன். அன்றைக்கு அதற்கு ஐந்து புள்ளிதான், அதன்பின் உதைத்தால் ஒன்று. ஆகவே 12-0 என்பது இரண்டு முழு டச்டவுன். சின்ன வெற்றி இல்லை.

ஊருக்குத் திரும்பியதும் கம்பர்லாண்ட் பல்கலைக்கழகத்தை 71-0 என்று வென்றார்கள். (இதே கம்பர்லாண்ட்தான் 1916இல் ஜார்ஜியா டெக்கிடம் 222-0 என்று தோற்று, கல்லூரிக் கால்பந்தின் மிகப் பெரிய தோல்விக்குச் சொந்தமானது.) அதன்பிறகு நவம்பர் 30, மான்ட்கோமரியில் ஆபர்ன். ஆபர்ன் கோச் ஜான் ஹைஸ்மன், இன்றைக்குச் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் கோப்பைக்குப் பெயர் தந்தவர். அந்த சீசனில் சுவானிக்கு எதிராகப் புள்ளி எடுத்த ஒரே அணி அவருடையதுதான். 11-10 என்று மயிரிழையில் தப்பித்தார்கள். நடுவர் சரியில்லை என்று ஹைஸ்மன் பத்திரிகையில் எழுதிச் சண்டை போட்டார். அந்த ஆட்டத்தைப் பற்றிப் படித்தால் ஹைஸ்மன் கோபத்தில் நியாயம் இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இரண்டு நாள் கழித்து அட்லாண்டாவில் வட கரோலினாவை 5-0 என்று வென்று சீசனை முடித்தார்கள். 12 ஆட்டம், 12 வெற்றி, 322-10.

அந்த ஆட்களின் பிற்கால வாழ்க்கையைத் தேடப் போய் நான் லூக் லீயிடம் மாட்டிக்கொண்டேன். மேனேஜராக இருந்த அந்தப் பையன் 1907இல் நாஷ்வில்லில் ‘டென்னசியன்’ நாளிதழைத் தொடங்கினார். இன்றும் வருகிறது, எங்கள் ஊர்ப் பத்திரிகை அதுதான். 1911இல் அமெரிக்க செனட்டர். முதல் உலகப்போரில் பீரங்கிப் படையில் கர்னல். போர் முடிந்ததும், 1919 ஜனவரியில், ஹாலந்தில் தஞ்சம் புகுந்திருந்த ஜெர்மன் சக்கரவர்த்தி இரண்டாம் வில்ஹெல்மைக் கடத்திக்கொண்டு வந்து போர்க்குற்ற விசாரணைக்கு ஒப்படைத்துவிடலாம் என்று சில வீரர்களைச் சேர்த்துக்கொண்டு காரில் கிளம்பிவிட்டார். சக்கரவர்த்தி தங்கியிருந்த மாளிகைக்குள்ளேயே போய் உட்கார்ந்தார்கள். அவர் இவர்களைச் சந்திக்க மறுத்துவிட்டார். வெளியே காவலர்கள் சூழ்வதைப் பார்த்துத் திரும்பியவர்கள், ஞாபகார்த்தமாக ஒரு சாம்பல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தார்கள். ராணுவம் லீயைக் கண்டித்தது. 1930இல் பெரும் வங்கிச் சரிவு. அதில் சிக்கி மோசடி வழக்கில் தண்டனை பெற்று, 1934 முதல் 1936 வரை வட கரோலினாவில் சிறையில் இருந்தார். மறு வருடம் மன்னிப்பு கிடைத்தது. ஆறு நாளில் ஐந்து ஆட்டம் ஏற்பாடு செய்த துணிச்சலும் மாளிகைக்குள் போன துணிச்சலும் ஒரே குணம்தான் என்று எனக்குத் தோன்றும். அந்தக் குணம் ஒரு மனிதனை எங்கெல்லாம் கொண்டுபோகும் என்பதற்கு அவரே சாட்சி.

ஆர்மண்ட் சிம்கின்ஸின் கதை வேறு. ஃபுல்பேக், அணியின் முதுகெலும்பு, பந்தை உதைப்பதில் அன்றைய தெற்கில் அவருக்கு நிகரானவர்கள் குறைவு. முழங்கால் காயத்தோடே ஆடியவர். பின்னாளில் இரண்டு காலையும் எடுக்க வேண்டியதாயிற்று. கால்பந்துக் காயங்கள்தான் காரணம் என்கிறார்கள். 1921இல் இறந்தார். ‘பில்’ கிளெய்போர்ன் ஒரு கண்ணில் பார்வை இல்லாமலே ஆடியவர். பிறகு பாதிரியாராகி அந்த மலைப்பகுதி ஏழைகளிடையே வேலை செய்தார். சுவானி ஆட்டக்காரர்களில் பாதிரியாரானவர்கள், பேராயரானவர்கள் பலர். அடுத்த தலைமுறையில் சென்டராக ஆடிய ஃபிராங்க் ஜூஹான், ஃப்ளோரிடாவின் பேராயரானார், கால்பந்துப் புகழ்மண்டபத்திலும் இடம்பிடித்தார். அஞ்ஞானிகள் ஒழிக, திருச்சபை ஓங்குக என்ற பொருளில் சுவானி மாணவர்கள் மைதானத்தில் போடும் பழைய கோஷம் இந்தப் பின்னணியில்தான் பிறந்தது.

1909இல் இன்னொரு முறை தென் மாநில சாம்பியன் ஆனார்கள். அதோடு ஏறுமுகம் முடிந்தது. அதே சமயத்தில் மருத்துவக் கல்லூரி மூடப்பட்டது. சட்டப் பள்ளியும் போனது. வயது முதிர்ந்த, பலசாலியான ஆட்கள் வந்துகொண்டிருந்த வழி அடைபட்டது. நாட்காட்டியும் மற்ற கல்லூரிகளைப்போல மாறியது. எதிரே மாநிலப் பல்கலைக்கழகங்கள் அரசுப் பணத்தில் வளர்ந்தன. 1922இல் வேண்டர்பில்ட் கால்பந்துக்கென்றே தனி ஸ்டேடியம் கட்டியது. வானொலி வந்தது, நெடுஞ்சாலை வந்தது, கூட்டம் ஆயிரத்திலிருந்து பல்லாயிரமானது. சுவானி மைதானத்துக்கு மலையேறி வர யாருக்கும் அவசியம் இல்லை. பணம் வேண்டுமென்றால் சுவானிதான் இறங்கிப் போய் அடிவாங்க வேண்டும்.

1932 டிசம்பரில் நாக்ஸ்வில்லில் 13 கல்லூரிகள் சேர்ந்து எஸ்.இ.சி.யை உருவாக்கின. பதின்மூன்றில் சுவானியும் ஒன்று. பழைய மரியாதைக்காகச் சேர்த்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். 1935இல் எஸ்.இ.சி. ஒரு முடிவெடுத்தது. ஆட்டக்காரர்களுக்குக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் கல்லூரியே வெளிப்படையாகக் கொடுக்கலாம். அதுவரை பலர் மறைவாகச் செய்துகொண்டிருந்ததுதான். ஆனால் சட்டப்படி ஆனதும் பணம் இருப்பவர்கள் அள்ளிக்கொண்டார்கள். சுவானியிடம் பணமும் இல்லை, ஆளும் இல்லை. 37 தோல்விகளின் பின்கதை இதுதான். ஒவ்வொரு சனிக்கிழமையும் தன்னைவிடப் பலமடங்கு பெரிய கல்லூரியிடம் போய் நின்றார்கள். அந்த வருடங்களில் ஆடிய பையன்களின் பெயர்கள் எந்தச் சுவரிலும் பொறிக்கப்படவில்லை. 1899 அணியைவிட அவர்கள் கொஞ்சமும் தைரியம் குறைந்தவர்கள் என்று நான் நினைக்கவில்லை.

1938இல் அலெக்சாண்டர் கெரி துணைவேந்தரானார். சுவானியிலேயே படித்தவர், அதற்குமுன் சாட்டனூகா பல்கலைக்கழகத்தை நடத்தியவர். அவர் கண்ட நிலைமை எளிமையானது. கல்லூரியின் வருமானம் சுருங்கிக் கிடக்கிறது, பொருளாதார மந்தம் இன்னும் விடவில்லை. வகுப்பறைக்கும் நூலகத்துக்கும் போக வேண்டிய பணத்தை ஆட்டக்காரர்களை வாங்கச் செலவழித்தாலும் ஜெயிக்கப் போவதில்லை. கொஞ்சம் செலவழித்தால் தோல்வி, நிறையச் செலவழித்தால் கடனும் தோல்வியும். இனி ஆடுவதற்காக யாருக்கும் பணம் கொடுப்பதில்லை, படிக்க வந்தவர்களில் யாருக்கு ஆட ஆசையோ அவர்கள் ஆடட்டும் என்று முடிவெடுத்தார். 1940இல் சுவானி எஸ்.இ.சி.யை விட்டு வெளியேறியது.

பழைய மாணவர்களுக்கு அது எவ்வளவு கசந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1899இல் ஆடியவர்கள் பலர் அப்போது உயிரோடு இருந்தார்கள், அறுபதைத் தாண்டிய மனிதர்கள். எல்.எஸ்.யூ.வையும் டெக்சஸையும் ஒரே வாரத்தில் அடித்த கல்லூரி, இனி அவர்களோடு ஆடவே போவதில்லை என்று ஒருவர் கையெழுத்துப் போடுகிறார். அதற்கு ஒரு வருடம் முன்புதான் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஹட்சின்ஸ் கால்பந்தையே ஒழித்துக்கட்டினார். கெரி செய்தது வேறு. ஆட்டத்தை அவர் ஒழிக்கவில்லை. அதைத் தன் கல்லூரி தாங்கக்கூடிய அளவுக்குக் கொண்டுவந்து காப்பாற்றினார். ஹட்சின்ஸைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், கெரியைப் பற்றி எழுத ஆளில்லை. எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

1899இல் லூக் லீக்கு முன்னால் நின்றதும் 1940இல் கெரிக்கு முன்னால் நின்றதும் ஒரே கேள்வி. சின்னக் கல்லூரி ஒன்று இந்த ஆட்டத்துக்கு எங்கிருந்து பணம் கொண்டுவருவது? லீ ரயில் ஏறினார். இருபத்தொரு பேரின் உடம்பை வைத்து வசூல் பார்த்தார், வென்றார், சிம்கின்ஸின் கால்களும் அந்தக் கணக்கில்தான் வருகின்றன. கெரி, அந்தப் பணம் எங்களுக்கு வேண்டாம் என்றார்.

அதற்குப் பிறகு என்ன ஆயிற்று? நன்றாகவே ஆடினார்கள், தங்களுக்குச் சமமானவர்களோடு. 1957இல் ஷெர்லி மேஜர்ஸ் கோச்சாக வந்து 1977 வரை இருந்தார். அதற்குமுன் ஹண்ட்லண்ட் என்ற சிற்றூர்ப் பள்ளியில் கோச். அவருடைய மகன் ஜானி மேஜர்ஸ் 1976இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைத் தேசிய சாம்பியனாக்கியவர், டென்னசியில் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர். தந்தையை அவ்வளவாகத் தெரியாது. ஆனால் 1958இலும் 1963இலும் தந்தையின் சுவானி அணி ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. இன்றைக்கு சுவானி தேசியக் கல்லூரி விளையாட்டு அமைப்பின் மூன்றாம் பிரிவில் ஆடுகிறது. அந்தப் பிரிவில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது.

1899இல் சுவானியிடம் தோற்ற பன்னிரண்டு அணிகளில் ஏழு இன்று எஸ்.இ.சி.யில் இருக்கின்றன: ஜார்ஜியா, டென்னசி, ஆபர்ன், எல்.எஸ்.யூ., மிசிசிப்பி, பின்னால் வந்த ஏ அண்ட் எம், 2024இல் சேர்ந்த டெக்சஸ். பன்னிரண்டில் சுவானியோடு ஒரே கூட்டமைப்பில் இன்றும் ஆடும் கல்லூரி ஒன்றே ஒன்று. அந்த வருடம் 54-0 என்று தோற்ற சவுத்வெஸ்டர்ன் பிரெஸ்பிடேரியன், பிறகு மெம்ஃபிஸுக்கு இடம்பெயர்ந்து ரோட்ஸ் கல்லூரி என்று பெயர் மாற்றிக்கொண்டது. இரண்டுக்கும் இடையே 1954 முதல் எட்மண்ட் ஆர்கில் கோப்பை என்று ஒன்று உண்டு.

மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு ஆட்டம் பார்க்கப் போனேன். 1891இல் ஆடத் தொடங்கிய அதே இடம், ஹாரிஸ் ஸ்டேடியம் என்று இப்போது பெயர். ஸ்டேடியம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு பக்கம் சின்ன கேலரி, சுற்றிலும் மரங்கள், மடக்கு நாற்காலியில் பெற்றோர்கள், ஓரமாக இரண்டு மூன்று நாய்கள். நாங்கள் கம்பி ஓரத்திலேயே நின்றோம். தொலைக்காட்சியில் கேட்கவே முடியாத சத்தமெல்லாம் அங்கே கேட்டது. தோள்பட்டைகள் மோதும்போது பெட்டியைக் கீழே போட்டதுபோல ஒரு சத்தம், உடனே மூச்சு வெளியேறும் சத்தம். எங்களுக்கு நேரே ஒரு லைன்மேன், விரல் ஐந்தையும் வெள்ளை டேப்பால் சுற்றியிருந்தான். ஒவ்வொரு முறை எழுந்ததும் டேப்பில் ஒட்டிய புல்லைத் தொடையில் தேய்த்துவிட்டு மறுபடி குனிந்தான். வெளியே வந்து உட்கார்ந்ததும் பக்கத்திலிருந்தவனிடம் திங்கட்கிழமைத் தேர்வைப் பற்றிப் பேசினான்.

“அப்பா, இவங்களுக்கு யாரு பணம் தர்றா?” என்றாள் மகள். அவளுக்குத் தெரிந்த கால்பந்து எல்லாம் எஸ்.இ.சி.தான்.

“யாரும் தரலம்மா. இவங்க ஃபீஸ் கட்டிப் படிக்கிறாங்க, அதுக்கு மேல ஆடறாங்க.”

அவள் அடுத்த கால் மணி நேரம் போனை எடுக்கவில்லை.

அலுவலக நண்பரோடு எனக்கு இன்னும் வழக்கு தீரவில்லை. எஸ்.இ.சி. இன்று தன் கல்லூரிகளுக்கு ஆளுக்கு வருடம் 5 கோடி டாலருக்கு மேல் பங்கு கொடுக்கிறது. சுவானி உள்ளேயே இருந்திருந்தால், எல்லாவற்றிலும் தோற்றாலும் அந்தப் பணம் வந்திருக்குமே என்பார். நான் ஒத்துக்கொள்வதில்லை. 1,700 பேர் படிக்கும் இடத்தில் நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்கி, ஸ்டேடியம் கட்டி, கோச்சுக்குக் கோடிக்கணக்கில் கொடுத்து, கடைசியில் கால்பந்து அணிக்குச் சொந்தமான கல்லூரியாகத்தான் அது ஆகியிருக்கும். அந்த டேப் சுற்றிய பையனுக்கு அங்கே இடமே இருந்திருக்காது. வருகிற அக்டோபரில் நண்பரையும் கூட்டிக்கொண்டு போவதாக இருக்கிறேன். நாஷ்வில்லிலிருந்து ஐ-24இல் தெற்கே வந்து, மான்டீகிள் எக்ஸிட் 134இல் இறங்கினால் கொஞ்ச தூரம்தான். வருபவர்கள் சொல்லுங்கள், காரில் இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது.